வாடகை வீடும் வழிகாட்டும் தரகரும்

வீடு தேடுவோர்க்கு வீடு தேடிக் கொடுத்துவிட்டு, அவரிடம் ஒரு சதமேனும் கூலி பெறாத தரகர் பலர் அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் உளர். டல்லாஸ், ஹியூஸ்டன், ஒஸ்டின் முதலிய நகரங்களில் தொடர்மாடி வீடொன்றை வாடகைக்குப் பெற விரும்புபவர், இத்தனை அறை, இவ்வளவு வாடகை, வேலைத்தலத்துக்கு இவ்வளவு தூரம் என்று இவர்களுள் ஒருவருக்குத் தெரிவித்தாற் போதும். விரைவிலேயே பொருத்தமான இடங்களின் பட்டியல் கைக்கு வந்துவிடும். சில தரகர் தம் மோட்டார் வண்டியிலேயே அழைத்துச் சென்று காட்டுவதும் உண்டு. மேற்படிப்புக்காகவும் கணினித் தொழிலுக்காகவும் அங்கு செல்லும் நம் இளைஞரும் இவர்களின் துணையை நாடுகின்றனர். அவ்வாறு செல்லவிருந்த மாணவன் ஒருவன், "சேர், காசில்லாமல் செய்கிறார்கள் என்றால் இதில் ஏதும் சூது இருக்குமோ?" என்று என்னிடம் வினவினான். சூது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் இலவசம் என்னுஞ் சொல் சற்று ஆராயத்தக்கது.

தரகருக்குப் பணம் கொடுப்பது தொடர்மாடியை நடத்தும் கம்பெனி. ஆள் குடிபுகுந்த பின்னர், முதல் மாத வாடகையில் ஒரு பங்கோ, முழுவதுமோ, சில வேளைகளில் அதற்கு மேலோ அவரைச் சென்றடையும். இதனாலேயே, தொடர்மாடி அலுவலகத்தில் நிரப்பிக் கொடுக்கும் விண்ணப்பத்திலே 'உம்மை அனுப்பியவர் யார்' என்ற இடத்தில் தம் பெயரை மறவாது எழுதும்படி தரகர் பலமுறை வற்புறுத்துவார். அப்பெயர் விடுபடின் அவருடைய உழைப்பு வீணாகிவிடும். பெறுங் கூலியில் ஒரு பகுதியை வீடு தேடியவருக்கே திருப்பிக் கொடுப்பதாக விளம்பரம் செய்வோரும் உளர்; போட்டி அத்தகையது.

இவ்வேற்பாட்டின் விளைவை நோக்குவோம். தரகு கொடுக்காத வீடு பட்டியலில் இடம்பெறுதல் அரிது. நூற்றுக் கணக்கான வீடுகளை உடைய பெருங்கட்டடங்கள், வெறுமையாய்க் கிடக்கும் வீடுகளை நிரப்புதற் பொருட்டு இப்பணத்தை விளம்பரச் செலவோடு செலவாக எழுதிக் கொள்ளும். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தம் வீட்டின் பின்புறத்து அறைகள் இரண்டினை மலிவான வாடகைக்கு விட எண்ணினால், அவரால் அது முடியுமா? அவருடைய அறைகள் தரகரின் கண்ணிற் படுவதில்லை. தரகர் பொய்யுரைத்தார் எனல் தகாது. அவர் காட்டியவை யாவும் உண்மையான வீடுகளே. காட்டாதவற்றைப் பற்றி அவர் பேசுவதில்லை, அவ்வளவே. இன்னும், கம்பெனி கொடுத்த தரகு எங்கிருந்து வந்தது? மாதந்தோறும் வாடகை செலுத்துவோரிடமிருந்தன்றி வேறெங்கிருந்து வரும்!

டெக்சாஸ் அரசு இவற்றை அறியாதிருக்கவில்லை. தொடர்மாடி வீடு தேடிக் கொடுத்துக் கூலி பெறுவோர் அம்மாநிலத்தின் நிலச்சொத்து ஆணைக்குழுவிடம் உரிமப் பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும் என்பது சட்டம். பொருட்படத்தக்க முதற் பேச்சு நிகழும் வேளையிலேயே, ஆணைக்குழு வகுத்த அறிவித்தற் பத்திரம் ஒன்றையும் அவர்கள் கொடுத்தாக வேண்டும். தரகர் வீட்டுக்காரரின் பிரதிநிதியாக இயங்கலாம், குடியிருக்க வருபவரின் பிரதிநிதியாகவும் இயங்கலாம், எவருடைய பிரதிநிதியோ அவருடைய நலனையே தம் நலனுக்கும் மேலாகக் கொள்ள வேண்டும் என்று அப்பத்திரம் உரைக்கின்றது. குடியிருக்க வருபவரின் பிரதிநிதியாதல் பெரும்பாலும் எழுத்து மூலமான உடன்படிக்கையால் நிகழ்வது என்றும் அதிற் காணலாம். அந்த மாணவனுக்கு நான் கூறியது இதுதான்: பட்டியலைப் படிக்குமுன் பத்திரத்தைப் படி.

நியூயோர்க் நகரத்து வழக்கம் இதற்கு நேர்மாறானது. அங்கே தரகரை அமர்த்துபவர் வீட்டுக்காரர். கூலி கொடுத்தவரோ நெடுங்காலமாகக் குடியிருக்க வந்தவர். கூலியும் சிறிதன்று, ஒரு மாத வாடகை முதல் ஆண்டு வாடகையின் நூற்றுக்குப் பதினைந்து வரை சென்றது. தான் அழைக்காத ஒருவருக்கு, தனக்காக உழைக்காத ஒருவருக்கு, கதவைத் திறந்து காட்டியமைக்காக இத்துணைப் பணம்! 2020இல் மாநில அரசின் திணைக்களம் இதனைத் தடுக்க முற்பட்டது. மறு ஆண்டு நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. பின்னர் நகரசபை உறுப்பினர் சீ ஒசே கொண்டுவந்த மசோதா, 2024 நவம்பரில் 42க்கு 8 என்ற வாக்குகளால் நிறைவேறி, 2025 யூன் 11ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. தரகரை அமர்த்தியவரே கூலியைக் கொடுத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். கூலி வாடகையினுள் ஒளிந்து கொள்ளும், வாடகை உயரும் என்று எதிர்த்தோர் வாதாடினர். அவ்வாதத்தை நான் முற்றாகத் தள்ளவில்லை. ஆனால் வாடகையில் கலந்த தொகையை மாதா மாதம் கொடுக்கலாம். வீட்டுக்குள் காலடி வைக்குமுன் இரண்டு மாத வாடகையை ஒருங்கே எண்ணி வைக்க இயலாதவர் எத்தனையோ பேர். ஜேர்மனி இதே விதியை 2015 யூனில் ஏற்றுக் கொண்டது. இங்கிலாந்தும் 2019 யூனில் வாடகையாளரிடம் முகவர் கூலி பெறுவதைத் தடுத்தது.

இதுகாறும் கூறியது பணத்தின் கதை. அதனினும் முக்கியமான கதை ஒன்று உண்டு. அமெரிக்காவுக்குச் செல்லும் நம்மவர், "எங்கட ஆக்கள் கூடுதலாக இருக்கிற பக்கம் எது?" என்று தரகரிடம் கேட்பது இயல்பு. எச்சரிக்கையுள்ள தரகர் இதற்கு விடை தராது நழுவுவார். அது மரியாதைக் குறைவன்று. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரு வாரத்தின் பின், 1968 ஏப்பிரல் 11ஆந் திகதி கையொப்பமான வீட்டுரிமைச் சட்டம், இனம், நிறம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றைக் கொண்டு வீடு மறுப்பதையும், இன்னார் இன்ன பகுதியிற்றான் வாழலாம் என்று திருப்பி விடுவதையும் குற்றமாக்கியது. 1988இல் வந்த திருத்தம், குழந்தைகளுள்ள குடும்பத்துக்கு வீடில்லை என்று சொல்வதையும் பொதுவாகத் தடை செய்தது. வெர்ஜீனியாவிலே தொடர்மாடி நடத்திய கம்பெனியொன்று, கறுப்பினப் பெண் கேட்டபோது வீடில்லை என்றும் வெள்ளையர் கேட்டபோது உண்டு என்றும் கூறியதாக ஒரு வழக்கு எழுந்தது. இருவரும் வீடு தேவைப்பட்டு வந்தவரல்லர். உண்மையைச் சோதிக்கவே அனுப்பப்பட்டவர். ஆயினும் அப்பெண்ணுக்கு வழக்குத் தொடரும் உரிமை உண்டென 1982இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்த்தது. உண்மையான தகவலைப் பெறுவதே அவளது உரிமை என்றது.

அச்சட்டத்தில் விலக்கொன்றும் உண்டு. மூன்றுக்கு மேற்படாத தனிவீடுகளை உடையவர் தரகரின் உதவியின்றித் தாமே வாடகைக்கு விடுவாராயின், பாகுபாடான விளம்பரம் செய்யாதவரை, பெரும்பாலான விதிகள் அவரைக் கட்டுப்படுத்தா. தரகரை அழைத்தாரோ, அவ்விலக்கு அக்கணமே மறைந்துவிடும். தரகர் நுழையுமிடத்திலே சட்டமும் உடன் நுழைகின்றது.

நமது கொழும்பில் நிலைமை தலைகீழ். வீடு தேடுபவரிடம் தரகர் ஒரு மாத வாடகையைக் கூலியாகக் கேட்பது வழக்கம். வீட்டுக்காரருக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ முற்பணம் வேறு. இவ்வளவு பணத்தைக் கொடுக்கச் சித்தமாயிருப்பவரிடம் தரகர் கேட்கும் முதற் கேள்விகள், "நீங்கள் தமிழோ முஸ்லிமோ? சைவமோ? எந்த ஊர்? பிள்ளைகள் எத்தனை?" என்பனவாகும். வீட்டுக்காரர் மறுத்துச் சொல்லும் சங்கடத்தைத் தரகர் முன்கூட்டியே தீர்த்து வைக்கிறார். இதனைச் செய்பவர் ஓர் இனத்தவர் மட்டுமல்லர். நம்மவர் வீடுகளுக்கும் இவை போன்ற நிபந்தனைகள் உண்டு. ஊரும் சாதியும் விசாரிக்கும் வீடுகளையும் நாம் அறிவோம். இன்று விளம்பரங்கள் கைத்தொலைபேசிக்கு வந்த பின்னரும் நிபந்தனைகள் மாறவில்லை. முன்பு தரகர் காதோடு சொன்னதை இப்போது எல்லாரும் படிக்க எழுதி வைக்கின்றனர்.

2007 யூன் 7ஆந் திகதி கொழும்பு விடுதிகளிற் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் பஸ் வண்டிகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து நிறுத்தியது. செய்தது அரசாதலின் நீதிமன்றம் தலையிட முடிந்தது. அடிப்படை உரிமை வழக்கு ஆட்சித்துறையினதும் நிருவாகத்துறையினதும் செயலுக்கு எதிராகவே எழக்கூடியது. தனியார் ஒருவர் 'உமக்கு வீடில்லை' என்று சொல்வது அதனுள் அடங்காது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் 12ஆம் உறுப்புரையின் மூன்றாம் பிரிவு, இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாக எவரும் தடுக்கப்படக் கூடாத இடங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றது: கடை, பொது உணவகம், ஹோட்டல், பொதுக் களியாட்டவிடம், தத்தம் மதத்துக்குரிய பொது வழிபாட்டிடம். ஓரிரவு தங்கும் ஹோட்டல் அங்கே இருக்கின்றது. பத்து வருடம் வாழும் வாடகை வீடு இல்லை.

தரகர் தொழிலை ஒழுங்கு செய்ய நம் நாட்டிற் சட்டம் இயற்ற முற்படுவோர், கூலியின் அளவோடு நின்றுவிடாமல், அவர் கேட்கலாகாத கேள்விகளையும் அதில் எழுதுதல் வேண்டும். வீடு என் சொத்து, எவருக்குக் கொடுப்பது என்பது என் விருப்பம் என்று வீட்டுக்காரர் சொல்வர். 1968இல் அமெரிக்காவில் எதிர்த்தோரும் இதையே சொன்னார்கள், சட்டம் நிறைவேறியது.