‘கால் இட் எ டே’ என்றால் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தமா?

சாயங்காலம் ஆறு மணி. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜரின் மெசேஜ்: “லெட்ஸ் கால் இட் எ டே!” வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். நம் ஊர் வழக்கில் சொன்னால் சட்டென்று புரியும்: “இன்னைக்கு இது போதும், கடையைக் கட்டுவோம்!”

எப்படி வந்தது?

19-ம் நூற்றாண்டில் ‘கால் இட் ஹாஃப் எ டே’ என்றுதான் சொன்னார்கள். வேலை நேரம் முடியும் முன்பே கிளம்பினால், ‘அரை நாள் கணக்கு’. பின்னாளில் ‘அரை’ போய், முழு நாள் ஆனது. ராத்திரி என்றால் ‘கால் இட் எ நைட்’.

எப்படிப் பயன்படுத்தலாம்?

* களைப்பில் வேலையை நிறுத்தும்போது: “ஐ ஆம் டயர்ட், லெட்ஸ் கால் இட் எ டே.”
* ஒருவர் ஓய்வு பெறும்போது: “ஆஃப்டர் தர்ட்டி இயர்ஸ், ஷி கால்டு இட் எ டே.”

இங்கேதான் தப்பு நடக்கிறது!

இந்தத் தொடருக்கு ‘நிறுத்திக்கொள்வது’ என்றே பொருள். வேலை பாதியில் இருந்தாலும் சொல்லலாம். ஹோம்வொர்க்கை முழுசாக முடித்துவிட்டால், ‘ஐ ஃபினிஷ்டு மை ஹோம்வொர்க்’ என்பதே சரி.

நிறுத்துவது வேறு, முடிப்பது வேறு. இதற்கு தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியிலேயே உதாரணம் இருக்கிறது. சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற சுப்பிரமணிய சிவா, தொழுநோயோடு வெளியே வந்தார். அந்த நோயைக் காட்டி, அவர் ரயிலில் ஏற ஆங்கிலேய அரசு தடை போட்டது. ‘போதும்’ என்று அவர் உட்காரவில்லை. நடந்தே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். ஆனால் 1925 ஜூலை 23 அன்று, 40 வயதில், அதே ஊரில் சிவா காலமானார். கோயில் எழும்பவில்லை. தமிழக அரசு கட்டிய பாரத மாதா நினைவாலயம் அங்கே திறக்கப்பட்டது 2021-ல்!

அவர் வேலையை முடிக்கவில்லை; ஆனால், ‘ஹி நெவர் கால்டு இட் எ டே.’ இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டால், அர்த்தம் மறக்கவே மறக்காது.

அடுத்த வாரம் வேறொரு தொடரோடு வருகிறேன். இப்போதைக்கு... லெட்ஸ் கால் இட் எ டே!