கிளுவை வேலியும் கருங்கற் சுவரும்

தம்பி! கறம்பக்குடி வட்டாரத்திலே வேலி என்றால் கிளுவைதான். மழைக்காலத்திலே போத்தை வெட்டி நட்டால் துளிர்க்கும். ஆட்டுக்குத் தழை தரும். காற்றுக்கு வழி விடும். சாய்ந்தாலும் ஆளைக் கொல்லாது.

இன்று கிளுவை போகிறது, கல் வருகிறது. வரட்டும்! வசதி வளர்ந்தால் வெறுப்போமா? ஆனால், எவ்வளவு உயரம், என்ன அடித்தளம் என்று கேட்க ஆள் வேண்டாமா?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் 2019-இல் பிறந்தன. அதே ஆண்டு டிசம்பர் 2. மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூர். விடியுமுன், கொட்டும் மழையிலே, ஒரு வீட்டின் ஏறத்தாழ 20 அடிக் கருங்கற் சுற்றுச்சுவர் ஆதிதிராவிடர் வீடுகள் மீது சரிந்தது. மாண்டோர் 17 பேர்! அச்சுவர் குறித்து முன்பே முறையிட்டோம் என்றனர், மிஞ்சியவர்கள். விதி ஏட்டிலே உறங்கிற்று; ஏழை சுவரடியிலே உறங்கினான்.

கருங்கல்லைப் பழிக்கவில்லை, அதிலேதான் சிலையும் செய்தோம், அம்மியும் செய்தோம்! ஈரம் ஊறிய மண் தள்ளும்போது, நீர் வடிய வழியற்ற சுவர் எதனால் எழுந்ததாயினும் சாயும்.

ஆகவே தம்பி, உன் தெருவிலே உயர்ந்த சுவர் எழுந்தால் போய்ப் பார். நீர் வடியத் துளை உண்டா, அப்பால் படுத்துறங்குவோர் யார் என்று எழுதிப் பேரூராட்சியிலே கொடு. கொடுத்ததற்கு ரசீது கேள்.