சட்டம் எளியோர்க்கு மட்டுமா?

சிறு நாடுகளுக்குச் சட்டத்தின் ஆட்சியைப் போதிக்கும் வல்லரசுகள், தாம் ஏற்ற சட்டத்துக்கு அடங்குகின்றனவா? அணுவாயுத ஒழிப்புக்காக நல்லெண்ணத்துடன் பேசுவதாக 1968இல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பிரித்தானியாவும் ஒப்பமிட்டன. அப்பேச்சை நடத்தி முடிப்பதும் கடமையே என 1996இல் சர்வதேச நீதிமன்றம் ஏகமனதாகக் கூறிற்று. எந்நிலையிலும் அணுவாயுதப் பிரயோகம் சட்டவிரோதமே என, அம்மன்றில் வீற்றிருந்த இலங்கையரான நீதியரசர் வீரமந்திரி தனித்து எழுதினார். நீதிமன்றம் கூறியது வெறும் ஆலோசனையே என்பர் சிலர். இட்ட கையொப்பமும் ஆலோசனைதானா?

2017இல் 122 நாடுகள் வாக்களித்து அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தை நிறைவேற்றின. அணுவாயுதமுடைய ஒன்பது நாடுகளுள் ஒன்றேனும் அதிற் சேரவில்லை. இலங்கை 2023இல் சேர்ந்தது. அவ்வொப்பந்தம் அமைச்சின் கோப்பினுள் உறங்கலாகாது.

நீதிமன்றத்துக்குப் படையில்லை, மக்கள் குரலே அதற்குப் பலம். ஆசிரியர்களே, மாணவர்களே! இவ்வுண்மைகளை வகுப்பறைக்கும் தொழிற்சங்க மேடைக்கும் கொண்டு செல்லுங்கள். 1945இல் ஹிரோஷிமாவில் மாண்ட பள்ளிச் சிறாருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் இது.