கையால் அறிய வேண்டிய சாஸ்திரம்

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இன் விக்ரம் கலம் சந்திரனில் இறங்கியபோது, நாமக்கல் ஜில்லாவின் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கும் அனார்த்தோசைட் பாறையைப் பொடித்துத்தான் சந்திர மண்ணுக்கு ஒப்பான மண் சோதனைகளுக்காகத் தயாரிக்கப்பட்டது என்பதை நினைத்து நம் வட்டாரத்தார் பூரித்தார்கள், நியாயமான பூரிப்புத்தான். ஆனால் சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் கிடைநிலையில் பாய்ந்து வந்த அந்தக் கலம், படிப்படியாக நிமிர்ந்து கால்களைத் தரைநோக்கி வைத்து இறங்குவதற்கு, தான் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கிறோம் என்பதைக் கணந்தோறும் அதற்குச் சொல்லிக்கொண்டிருந்த ஜைரோஸ்கோப்பை, எடப்பாடிப் பள்ளி மாணவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

அதன் தத்துவம் பம்பரத்தில் இருக்கிறது. சுழலாத பம்பரத்தைப் பூமியின் ஈர்ப்பு உடனே சாய்த்துவிடுகிறது. வேகமாகச் சுழலும் பம்பரமோ தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. ஈர்ப்பு அதைக் கீழே இழுக்க முயலும்போது, அச்சு விழுவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் நகர்ந்து மெல்ல வட்டமிடுகிறது. சுழற்சியின் கோண உந்தத்துக்கு அளவு மட்டுமன்றித் திசையும் உண்டு என்பதும், புறவிசையின் திருப்பம் அந்தத் திசையையே மாற்றுகிறது என்பதும்தான் இந்த அதிசயத்தின் காரணம். ஒன்றுக்குள் ஒன்றாகத் திரும்பும் வளையங்களில் இப்படி வேகமாகச் சுழலும் சக்கரத்தைப் பொருத்திவிட்டால், வெளிச்சட்டம் எப்படிப் புரண்டாலும் உள்ளே அச்சு தன் திசையை விடாது; அதுவே ஜைரோஸ்கோப்.

பூமி சுழல்வதைக் கண்ணுக்குக் காட்ட விரும்பிய பிரெஞ்சு விஞ்ஞானி ஃபூக்கோ 1852 இல் இக்கருவிக்குப் பெயர் சூட்டினார். பிறகு, இரும்புக் கப்பலில் காந்த ஊசி தடுமாறியபோது வடதிசையைக் காட்டியதும், மேகத்துக்குள் சென்ற விமானிக்கு அடிவானம் எங்கே என்று உணர்த்தியதும் இதுவே. விக்ரமில் இருந்ததோ லேசர் ஜைரோஸ்கோப். அதில் சுழலும் சக்கரமே கிடையாது. மூடிய பாதையில் இரண்டு ஒளிக்கதிர்கள் எதிரெதிராக ஓடுகின்றன. கலம் திரும்பினால் அவற்றின் பயணத்தில் நுண்ணிய வேற்றுமை தோன்றுகிறது. அதை அளந்தால் திருப்பம் தெரிந்துவிடும். திருவனந்தபுரத்தில் வட்டியூர்க்காவில் இத்தகைய சாதனங்களுக்கென்றே இஸ்ரோவின் தனிப் பிரிவு ஒன்று இயங்குகிறது. நம் கைபேசியிலும் ஒரு நுண்ணிய ஜைரோஸ்கோப் அதிர்ந்துகொண்டிருக்கிறது.

இவ்வளவு விசாலமான விஷயத்தைப் பதினோராம் வகுப்பில் சில சூத்திரங்களாக மனப்பாடம் செய்வித்து, மதிப்பெண்ணோடு முடித்துக்கொள்வது பெருங்குறை என்பது என் திடமான அபிப்பிராயம். பழைய சைக்கிள் சக்கரம் ஒன்றும், அதன் அச்சின் இருமுனைகளிலும் பிடிகளும், தடையின்றிச் சுழலும் நாற்காலி ஒன்றும் இருந்தால் போதும். நாற்காலியில் அமர்ந்த மாணவன், வேகமாகச் சுற்றும் சக்கரத்தின் கிடையான அச்சை மேல்நோக்கி நிமிர்த்தும் கணத்தில், நாற்காலி அவனோடு தானாகத் திரும்பும். செயற்கைக்கோள்கள் எரிபொருள் செலவழியாமல் முகம் திருப்பிக்கொள்வதும் உள்ளே சக்கரங்களைச் சுழற்றித்தான் என்பதை அப்போது அவன் தன் தோள்களாலேயே உணர்வான். கரும்பலகை இந்த உணர்வைத் தராது.

விசைத்தறிக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகள் உள்ள நம் ஊரில், அந்தப் பிடிகளைச் செய்வது அரைநாள் வேலை. பட்டறைக்காரர்களும் பௌதிக ஆசிரியர்களும் பெற்றோர் சங்கங்களும் கூடி, இந்தக் கல்வியாண்டிலேயே ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் அப்படி ஒரு சக்கரத்தைச் செய்து கொடுக்க வேண்டுகிறேன்.