மார்ச் 31-ல் மூடக் கூடாத கோப்பு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் குடும்பநலப் பணி செய்துவரும் எங்களிடம் நன்கொடையாளர்கள், அரசு அலுவலர்கள், பகுதி மக்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. நிதி வரும் வழி மாறுகிறது, சட்டம் மாறுகிறது, குடும்பங்களின் கஷ்டமும் வேறு வடிவம் எடுக்கிறது. இதில் எதை மாற்றிக்கொள்ளப் போகிறீர்கள், எதை விடாமல் பிடித்துக்கொள்ளப் போகிறீர்கள்? எங்கள் முடிவைப் பொதுவில் வைப்பதற்கே இந்த அறிக்கை.

திட்டத்தின் பெயரை மாற்றுவோம். அலுவலகத்தைச் சிறிதாக்குவோம். அரசோ வேறு அமைப்போ எங்களைவிட நன்றாகச் செய்யக்கூடிய வேலையை அவர்களிடமே ஒப்படைப்போம். ஆனால் ஒரு குடும்பம் நம்பிப் பேசத் தொடங்கிய களப்பணியாளரை, நிதியாண்டு முடிந்துவிட்டது என்ற காரணத்துக்காக அந்த வீட்டிலிருந்து திரும்ப அழைக்க மாட்டோம். அப்படி அழைக்கும் நிலைக்கு எங்களைத் தள்ளும் நிதியை வாங்கவும் மாட்டோம்.

இந்தப் பகுதி மாற்றத்துக்குப் பழகியது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் வந்தது. அந்தப் பத்தாண்டிலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டையும் எழுந்தது. வேலை தேடி வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் இங்கேயே மனை வாங்கி, வீடு கட்டி, பிள்ளைகளை வளர்த்தார்கள். அப்பாவுக்கு ஆவடியில் 'சென்ட்ரல் கவர்ன்மென்ட்' வேலை என்றால் அந்த வீட்டுக்குக் கடன் கொடுக்க யாரும் தயங்கியதில்லை. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, அதன் ஆலைகள் ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை ஒரு நிறுவனத்திடமும், ராணுவச் சீருடை தைக்கும் ஆடைத் தொழிற்சாலை இன்னொன்றிடமும் போயின. அதே வீட்டு மகன் இன்று அம்பத்தூரில் லேபர் கான்ட்ராக்டர் மூலம் ஷிப்ட்டுக்குப் போகிறான், இல்லையென்றால் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். ஒரே வீட்டில் அப்பாவின் பென்ஷனும் மகனின் நிச்சயமில்லாத கூலியும் இருக்கின்றன. மாமியார் மருமகள் சண்டை என்று எங்களிடம் வருவதில் பலவற்றின் அடியில் கிடப்பது இந்த வித்தியாசம்தான்.

நிர்வாக எல்லைகளும் நகர்ந்துவிட்டன. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. 2018-ல் சென்னை மாவட்டம் விரிந்தபோது வருவாய்க் கணக்கிலும் சென்னையாயிற்று. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியானாலும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2022 தொடக்கத்தில் ஆவடி காவல் ஆணையரகம் உருவானபோது அம்பத்தூர் காவல் நிலையங்கள் அதன்கீழ் போயின. ஆகவே கணவரிடம் அடிவாங்கிய அம்பத்தூர்ப் பெண்ணின் போலீஸ் புகார் ஆவடி ஆணையரகத்துக்குப் போகிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி அவர் அணுக வேண்டிய பாதுகாப்பு அலுவலரோ சென்னை மாவட்டத்தில் இருக்கிறார். அடுத்த ரயில் ஸ்டேஷனான திருமுல்லைவாயலில் அவர் குடியிருந்தால் அந்த அலுவலரும் வேறு. இதையெல்லாம் துண்டறிக்கையில் அச்சடித்துக் கொடுக்கலாம், கொடுக்கவும் செய்கிறோம். வாங்கிப் படித்துவிட்டு அவர்கள் சொல்வது, "கூட நீங்க வந்தா போறேன்க்கா" என்பதுதான். கூடப் போகிறவர் மாதாமாதம் மாறிக்கொண்டிருந்தால் அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் அடிபட்ட கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். இரண்டாவது முறை சொல்லும்போதே பலர் களைத்துவிடுகிறார்கள். புகாரும் அதோடு நின்றுபோகிறது.

வாரக்கடன் விஷயம் இன்னும் ஆழமானது. ரிசர்வ் வங்கியின் 2022 ஏப்ரல் விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பம் கட்டும் மொத்தக் கடன் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அடாவடி வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசும் 2025-ல் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. இரண்டும் தேவையானவை. ஆனால் சட்டம் உதவ வேண்டுமென்றால் கடன் முதலில் வெளியே தெரிய வேண்டும். எங்கள் களப்பணியாளர் ஒரு வீட்டுக்கு முதல் தடவை போகும்போது, பையன் ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்கிறான் என்று தாய் சொல்வார். அடுத்த தடவை கணவரின் குடியைப் பற்றி. பல தடவை போய் வந்த பிறகு ஒருநாள், கணவர் வெளியே போனதை உறுதிசெய்துகொண்டு, அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து லோன் கார்டுகளை எடுத்துத் தரையில் பரப்புவார். ஒன்று அவர் பெயரில். ஒன்று நாத்தனாருக்காக வாங்கிக் கொடுத்தது. இன்னொன்று அந்த இரண்டுக்கும் டியூ கட்டுவதற்காக வாங்கியது. களப்பணியாளர் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கிழமைவாரியாகத் தவணைகளை எழுதிக் கூட்டிக் காட்டுவார். அந்தத் தொகையை அந்தத் தாய் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். பையன் பள்ளிக்குப் போகாததும், கடன்காரர் வரும் நாளில் அவனைத்தான் வாசலில் நிறுத்தி "அம்மா இல்லை" என்று சொல்லவைப்பதும் ஒரே விஷயம் என்று அப்போதுதான் எங்களுக்கும் புரிகிறது.

நாலு மாதத் திட்டத்தில் அந்தக் கார்டுகள் வெளியே வராது. எங்கள் நிலைப்பாட்டுக்கு இதைவிடப் பெரிய காரணம் எங்களிடம் இல்லை.

"ஹோம்ல சேத்துடலாமாக்கா?" என்பது இப்படிப்பட்ட வீடுகளில் எழும் அடுத்த கேள்வி. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையைக் காப்பகத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது. வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள குழந்தை குடும்பத்தோடு இருப்பதற்கே மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. அந்த விண்ணப்பத்துக்கு வேண்டிய வருமானச் சான்று, இறப்புச் சான்று, வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் அலைவதும், குழந்தைகள் நலக் குழு முன்பு தாயோடு உட்கார்ந்திருப்பதும் எங்கள் வேலை. நாங்கள் காப்பகம் கட்ட மாட்டோம். கட்டடத்துக்கு நன்கொடை திரட்டுவது சுலபம் என்று நன்றாகத் தெரிந்தே இதைச் சொல்கிறோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. பட்டறைகளில் மெஷின்கள் நனைந்து வேலை நின்றபோது கான்ட்ராக்ட் தொழிலாளிக்குக் கூலியும் நின்றது. அரசு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவித்து ரேஷன் கடை வழியே கொடுத்தது. தொலைந்த சான்றிதழ்களுக்குச் சிறப்பு முகாம்களும் நடந்தன. பாய், போர்வை, பிரெட் பாக்கெட் கொண்டுவந்த நல்ல மனசுக்காரர்களுக்கு அந்த வாரம் குறைவில்லை. குடும்பங்களை ஏற்கெனவே அறிந்தவர்களால் மட்டுமே முடிந்த வேலைகள் வேறு: நனைந்த டி.சி.யையும் சாதிச் சான்றிதழையும் ஒட்டிக்கொள்ளாமல் பிரித்து ஃபேனுக்கு அடியில் காயவைப்பது, வேறு ஊர் ரேஷன் கார்டு வைத்திருந்ததால் நிவாரணப் பட்டியலில் இல்லாத வாடகைக் குடித்தனக்காரர் யாரென்று சொல்வது, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் தங்கியிருந்த தொழிலாளிகளைத் தேடிப்போய்ப் பார்ப்பது. பேரிடருக்கென்று புதிதாக ஆள் எடுத்தால் இதைச் செய்ய முடியாது. தாக்குப்பிடிக்கும் வலிமை என்று அறிக்கைகளில் எழுதப்படுவது, வெள்ளம் வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் சத்தமில்லாமல் சேர்ந்த பழக்கம்தான்.

எதை விட்டுக்கொடுப்பது என்பதிலும் எங்களுக்குத் தெளிவு உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்துவிட்ட பிறகு, அதே பிள்ளைகளுக்கு நாங்கள் தனியாகக் காலை உணவு போடுவது வீண். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணின் சேவை, தொண்டு நிறுவனங்களின் கையிலிருந்து 2023-ல் அரசுத் துறையிடம் போனது. பல ஆண்டுகள் அந்த அழைப்புகளுக்கு ஓடியவர்களுக்கு அது வலித்திருக்கும். அந்த வலியை மதிக்கிறோம். ஆனாலும் ஒரு சேவை யார் கையில் இருக்கிறது என்பதைவிட, அழைத்த குழந்தையிடம் யாராவது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்களா என்பதே எங்கள் அக்கறை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோடு சேர்ந்து நிற்போம். தாமதம் ஏற்பட்டால் அதையும் எழுத்தில் சொல்வோம்.

வடிவத்தை மாற்றிக்கொண்டே ஆட்களை விடாமல் இருப்பது முடியாத காரியம் அல்ல என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1993-ல் தெருவில் தவித்த மனநோயுள்ள பெண்களுக்கு அடைக்கலம் கொடுக்கத் தொடங்கிய தி பான்யன், முகப்பேர்க் காப்பகத்தோடு நின்றுவிடவில்லை. குடும்பத்துக்குத் திரும்ப வழியில்லாத பெண்கள் சிலர் சேர்ந்து சாதாரணத் தெருவில், சாதாரண வீட்டில் வாழும் முறைக்கு அது நகர்ந்தது. மாறியது வசிக்கும் இடம். துணையாக நிற்பது தொடர்ந்தது.

இனி நிதி. 2020-ல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, அந்த நிதியைப் பெறும் ஓர் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகிவிட்டது. பெரிய அமைப்புகள் வழியே சிறிய அமைப்புகளுக்கு வந்துகொண்டிருந்த பணம் அதோடு நின்றது. அந்த இடத்தை நிரப்ப வந்தது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. எங்களைச் சுற்றி ஆலைகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான், மார்ச் 31 வரை. சட்டம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதை நிறுவனங்களின் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். 2021-ல் திருத்தப்பட்ட விதிகள், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகள் வரை நீளும் தொடர் திட்டங்களை அனுமதிக்கின்றன. செலவாகாத தொகையைத் தனிக் கணக்கில் வைத்துத் தொடரவும் வழி உண்டு. விதியில் உள்ள 5 விழுக்காட்டு நிர்வாகச் செலவு வரம்பு நிறுவனத்தின் சொந்த நிர்வாகத்துக்கானது. வீடு வீடாகப் போகும் களப்பணியாளரின் சம்பளம் திட்டத்தை நடத்தும் நேரடிச் செலவு. அதை 'ஓவர்ஹெட்' என்று வெட்டுவது, மருத்துவமனைக்குப் பணம் கொடுத்துவிட்டு டாக்டர் சம்பளத்தை மட்டும் தர மறுப்பது போன்றது.

எனவே குடும்ப ஆலோசனைப் பணிக்கு மூன்றாண்டுக்குக் குறைந்த ஒப்பந்தத்தை ஏற்க மாட்டோம். ஓராண்டு நிதியை மருத்துவ முகாம், பயிற்சி வகுப்பு, வெள்ள நிவாரணம் போன்ற குறிப்பிட்ட காலத்தில் முடியும் வேலைகளுக்கு நன்றியோடு வாங்குவோம். ஒரே நன்கொடையாளரை நம்பிக் களப்பணியாளர் சம்பளம் அனைத்தையும் வைக்க மாட்டோம். பகுதி மக்களும் கடைக்காரர்களும் ஓய்வுபெற்றவர்களும் மாதாமாதம் தரும் சிறு தொகைகளை, பெரிய நிதி நிற்கும் காலத்துக்கென்று தனிக் கணக்கில் சேர்ப்போம். அந்தக் கணக்கிலிருந்து கட்டடம், வண்டி, விழா எதற்கும் எடுக்க மாட்டோம்.

களப்பணியாளரும் மனிதர்தான். ஊர் மாறுவார், கல்யாணம் ஆகும், சலிப்பு வரும். போகிறவர் புதியவரைக் கூட்டிக்கொண்டு குறைந்தது இரண்டு தடவை ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். யாரிடம் எதைச் சொல்லலாம் என்பதைக் குடும்பமே முடிவு செய்யும். களப்பணியாளர்களுக்கு இஎஸ்ஐ, பிஎஃப் பிடித்துக் கட்டுவோம். கான்ட்ராக்ட் வேலையின் கொடுமையைப் பற்றிப் பேசும் அமைப்பு தன் ஊழியரைக் கான்ட்ராக்டில் வைத்திருப்பது நியாயமில்லை.

நன்கொடை அறிக்கைக்காகக் குடும்பங்களின் படத்தையும் கதையையும் தர மாட்டோம். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. பெரியவர்கள் விஷயத்திலும் அதே ஒழுங்கைக் கடைப்பிடிப்போம். தூரத்திலிருந்து பணம் அனுப்புகிறவர் வேலை நடப்பதைத் தெரிந்துகொள்ள விரும்புவது நியாயம். எந்தப் பகுதியில் எத்தனை குடும்பங்கள், எவ்வளவு காலமாக, எந்தத் தேவைக்காக எங்களோடு இருக்கின்றன, எத்தனை கோப்புகள் குடும்பத்தின் சம்மதத்தோடு மூடப்பட்டன என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுவோம். கணக்குப் புத்தகத்தை அலுவலகத்துக்கு வந்து யாரும் பார்க்கலாம்.

இந்த நிலைப்பாடு இனி நாங்கள் கையெழுத்திடும் எல்லா ஒப்பந்தங்களுக்கும் பொருந்தும். நடப்பிலுள்ள ஓராண்டு ஒப்பந்தங்கள் முடியும்போது, அவற்றில் உள்ள குடும்பங்களை, சிறு தொகைகள் சேரும் அந்தத் தனிக் கணக்கின் பொறுப்பில் எடுத்துக்கொள்வோம்.