முந்நூறு கெஜம் பெருசா, மூணு அடி பெருசா?

கோல்ஃப்னா பெரிய வீட்டுப் பிள்ளைங்க சமாசாரம், நமக்கென்ன பாஸ்னு பக்கத்தைப் புரட்டப் போறீங்களா? ஒரு நிமிஷம் இருங்க. இந்த வாரம் கோல்ஃப் ஆடக் கத்துக்கொடுக்கப் போறதில்லை. ஊரே நம்பின ஒரு பழமொழியை ஒரு புரொபசர் கணக்குப் போட்டே ஆட்டங்காண வெச்ச கதையைச் சொல்லப்போறேன்.

'டிரைவ் அடிக்கிறது வேடிக்கைக்கு, பட் போடுறது காசுக்கு.' இதுதான் அந்தப் பழமொழி. தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் பாபி லாக் பேரில்தான் இதைச் சொல்வாங்க. 1949-லிருந்து 1957-க்குள் நாலு முறை பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயிச்சவர், பட் போடுறதில் புலி. டிரைவ்னா ஆரம்பத்தில் கை ஓங்கி அடிக்கிற நீளமான அடி. பட்னா குழிக்குப் பக்கத்தில், வெட்டி விட்ட புல்தரையில், பந்தை உருட்டி விடுறது.

கேட்டா நியாயமாத்தான் இருக்கும். முந்நூறு கெஜம் அடிச்சாலும் ஒரு ஸ்ட்ரோக், மூணு அடி உருட்டினாலும் ஒரு ஸ்ட்ரோக். யாருக்கு ஸ்ட்ரோக் கம்மியோ அவர்தான் வின்னர். ஒரு புரொஃபஷனல் ஒரு ரவுண்டில் எழுபது சொச்சம் ஸ்ட்ரோக் ஆடினா, அதில் 29 போல பட் மட்டுமே. அப்போ பட் பிராக்டீஸ் பண்றவன்தானே புத்திசாலி?

இங்கேதான் மார்க் பிராடி வர்றார். அமெரிக்காவில் கொலம்பியா பிசினஸ் ஸ்கூல் புரொபசர். பங்குச் சந்தை ஆப்ஷனுக்கு விலை கணிக்கிற கணக்குதான் இவரோட ஏரியா. பி.ஜி.ஏ. டூர் போட்டிகளில் ஒவ்வொரு அடியும் எங்கே கிளம்பி எங்கே நின்னதுனு லேசர் வெச்சு அளந்து சேர்த்து வெச்சிருந்தாங்க. லட்சக்கணக்கான அடிகள். மனுஷருக்கு லட்டு மாதிரி டேட்டா!

பழைய கணக்கில் என்ன ஓட்டைனு முதல்ல பாருங்க. உங்க ரெண்டாவது அடி குழியிலிருந்து 40 அடி தள்ளி, அந்தப் புல்தரையில் விழுது. ரெண்டு பட், மொத்தம் நாலு. உங்க ஃப்ரெண்டோட ரெண்டாவது அடி மணல் குழிக்குள்ள போயிடுச்சு. மூணாவது அடியில் கிளப்பி மூணு அடி பக்கத்தில் வெச்சான். ஒரே பட், அவனுக்கும் நாலு. இப்போ பட் எண்ணிக்கையை மட்டும் பார்த்தா அவன்தான் பட்டிங் மன்னன்! 40 அடியிலிருந்து ரெண்டே பட்டில் முடிச்ச உங்களுக்கு ஒரு சபாஷ்கூட கிடையாது. அநியாயம்தானே?

பிராடி என்ன பண்ணார்னா, ஒவ்வொரு இடத்திலிருந்தும் சராசரியா எத்தனை அடி தேவைப்படுதுனு முதல்ல கண்டுபிடிச்சார். எட்டு அடி தூரத்திலிருந்து டூர் ஆட்டக்காரங்க பாதி தடவைதான் ஒரே பட்டில் போடுறாங்க. ஆக சராசரி 1.5. நீங்க ஒரே பட்டில் போட்டா அரை ஸ்ட்ரோக் லாபம், ரெண்டு ஆச்சுனா அரை நஷ்டம். இதே மாதிரி டிரைவ், மணல் குழி, புதர் எல்லாத்துக்கும் லாப நஷ்டம் எழுதலாம். பேரு 'ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்ட்'. பட்டிங்குக்கு இந்தக் கணக்கை பி.ஜி.ஏ. டூரே 2011-ல் அதிகாரபூர்வமா எடுத்துக்கிச்சு.

ரிசல்ட்? 2004-லிருந்து 2012 வரை டாப் 40 ஆட்டக்காரங்க மத்தவங்களைவிட எடுத்த லாபத்தில், டிரைவ் பங்கு 28 சதவிகிதம். நூறு கெஜத்துக்கு மேலேயிருந்து குழியை நோக்கி அடிக்கிற அடி 40. நூறு கெஜத்துக்கு உள்ளே ஆடுற குட்டி ஷாட்கள் 17. பட்டிங்? வெறும் 15!

எண்ணிக்கையில் நாற்பது சதவிகிதம் இருக்கிற பட்டுக்கு லாபத்தில் ஏன் இவ்வளவு கம்மினு தோணுதா? கிளாஸே சென்டம் எடுக்கிற பேப்பரில் ரேங்க் எப்படி முடிவாகும்? மூணு அடி பட்டை நூத்துக்கு 96 தடவைக்கு மேலே எல்லா புரொஃபஷனலும் போட்டுடுவாங்க. வித்தியாசம் எங்கே விழுதோ, அங்கேதான் ரேங்க்.

தூரமா, குறியா? இன்ஜினீயரிங் மூளையை ஓட்டிப் பார்த்தா இது சிக்கலான சண்டை. அஞ்சு டிகிரி கோணல் போனா 200 கெஜத்தில் பதினேழரை கெஜம் விலகும், 300 கெஜத்தில் 26 கெஜம். ஓங்கி அடிக்கிறவனுக்கு தண்டனையும் ஓங்கித்தான் விழும். ஆனாலும் டூரில் 20 கெஜம் கூடுதலா அடிச்சா ஒரு ரவுண்டுக்கு முக்கால் ஸ்ட்ரோக் லாபம்னு பிராடி சொல்றார். நாலு ரவுண்டுக்கு மூணு. இதை வேதவாக்கா எடுத்துக்கிட்டவர் பிரைசன் டிஷாம்போ. ஃபிசிக்ஸ் படிச்ச ஆளு. ஜிம்மில் உடம்பை ஏத்தி, 2020 யு.எஸ். ஓப்பனில் விங்டு ஃபுட் மைதானத்தில் விளாசித் தள்ளினார். 56 டிரைவில் 23 மட்டுமே ஒழுங்கான பாதையில் விழுந்தது. மீதியெல்லாம் புதர். ஆனா ஆறு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் கோப்பை! புதரில் கிடந்தாலும் குழிக்குப் பக்கத்தில் கிடந்தா போதும்ங்கிறது அவர் லாஜிக்.

எனக்கு மனசுக்குப் பிடிச்சது வேற ஆளு. 2007 மாஸ்டர்ஸில் ஸாக் ஜான்சன். அகஸ்டாவின் நீளமான பார்-5 குழிகளில் மத்தவங்க ரெண்டே அடியில் எட்டப் பார்த்தப்போ, இவர் நாலு நாளும், 16 தடவையும், ரெண்டாவது அடியை அடக்கி வாசிச்சார். மூணாவது அடியில் குறி பார்த்தார். அந்தக் குழிகளில் மட்டும் 11 அண்டர் பார். டைகர் வுட்ஸை ரெண்டு ஸ்ட்ரோக்கில் முந்தி ஜெயிச்சார். லூக் டொனால்டும் இந்த ஜாதிதான். நீளமா அடிக்கத் தெரியாமலே 2011-ல் உலக நம்பர் ஒன்!

அப்போ பழமொழி முழுப் பொய்யா? அதுவும் இல்லை. ஒரு போட்டியை ஜெயிச்சவர் அந்த வாரம் எடுத்த லாபத்தை மட்டும் பார்த்தா, பட்டிங்கின் பங்கு 35 சதவிகிதம் வரைக்கும் ஏறுது. வருஷக்கணக்கில் டாப்பில் இருக்கிறது நீள அடியால். இந்த ஞாயிறு கோப்பை தூக்குறதுக்கு அந்த வாரம் பட் கை கொடுக்கணும். டி.வி.யில் கடைசி நாள் பட்டைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுவான், நாமும் அதைத்தான் ஞாபகம் வெச்சுக்கறோம்.

இன்னொண்ணு. 1980-ல் டூரில் சராசரி டிரைவ் 257 கெஜம். 2023-ல் கிட்டத்தட்ட 300. மைதானங்களை நீட்டி நீட்டி அலுத்துப்போய், பந்து பறக்கிற தூரத்தைக் குறைக்க விதியை இறுக்கப் போறோம்னு 2023 டிசம்பரில் விளையாட்டு அமைப்புகளே அறிவிச்சாங்க. வெறும் வேடிக்கைக்கு எதுக்கு பாஸ் இவ்வளவு பயம்?