ஜெபிக்கவா, படம் பார்க்கவா?

ரோமாபுரிக்குத் திருயாத்திரை செல்வோருள் ஒரு சாரார் வத்திக்கான் அருங்காட்சியகத்தைப் பயணத் திட்டத்திலிருந்தே நீக்கிவிடுகின்றனர். "ஜெபிக்கப் போகிறோமா, படம் பார்க்கப் போகிறோமா?" என்பது அவர்களது கேள்வி. மற்றொரு சாரார் போகிறார்கள். ஆனால் ஸிஸ்டைன் சிற்றாலயம் ஒன்றையே குறியாக வைத்து, நீண்ட கூடங்களை ஓட்டமும் நடையுமாகக் கடந்து, இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். இவ்விரு சாராரும் இழப்பது ஒன்றையே என்பது என் தாழ்மையான கருத்து.

அவர்கள் காணாமல் விடுவது படக்கூடம். 11-ஆம் பத்திநாதர் காலத்தில், 1932-இல் திறக்கப்பட்டது. நுழைந்ததும் கூட்டம் ஸிஸ்டைன் பக்கம் திரும்பிவிடும். இக்கூடமோ மறுபக்கம் இருக்கிறது. அங்கேயுள்ள பல படங்கள் பூசை நடக்கும் பலிபீடங்களுக்கென்றே தீட்டப்பட்டவை.

ரபேல் தீட்டிய 'மறுரூபம்' என்ற படத்தையே எடுத்துக்கொள்வோம். மேற்பாதியில் ஆண்டவர் ஒளிமயமாக நிற்கிறார். இராயப்பர், யாகப்பர், அருளப்பர் மூவரும் கண்கூசி விழுந்து கிடக்கின்றனர். கீழ்ப்பாதியிலோ ஒரே இருட்டும் கூச்சலும். பேய் பிடித்த ஒரு சிறுவன் கண்கள் செருக நிற்கிறான். தகப்பன் அவனைத் தாங்கிப் பிடித்திருக்கிறான். மற்றச் சீடர்கள் ஒன்றும் செய்யத் தெரியாமல் கைகளை நீட்டி ஏதோ பேசுகிறார்கள். மத்தேயு நற்செய்தியின் 17-ஆம் அதிகாரத்தில் இவ்விரு நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்து வருகின்றன. நாமோ மலைமேல் நடந்ததை மட்டும் வாசித்துவிட்டு, அந்தப் பிள்ளையை மறந்துவிடுகிறோம். ரபேல் மறக்கவில்லை. 1520-இல் அவர் 37 வயதில் இறந்தபோது, இப்படமே அவரது தலைமாட்டில் வைக்கப்பட்டிருந்ததாக வசாரி என்பார் எழுதியிருக்கிறார்.

ஏறத்தாழ 270 ஆண்டுகள் ரோமில் ஒரு கோயிலின் பெரிய பலிபீடத்தின்மேல் இருந்த படம் இது. 1797-இல் பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பாரிசுக்குக் கொண்டுபோனார்கள். நெப்போலியன் வீழ்ந்தபின் திரும்பி வந்தது. ஆனால் பழைய கோயிலுக்குப் போகவில்லை. கரவாஜியோவின் 'அடக்கம்' என்ற படத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே. அதில் ஆண்டவரின் திருவுடலைக் கல்லின் ஓரத்தில் இறக்குகிறார்கள். கை தொங்கிக் கல்லைத் தொடுகிறது. ஒரு காலத்தில் அதன் கீழ் நின்று குருவானவர் நற்கருணையை உயர்த்தியிருப்பார். இன்று கீழே பலிபீடம் இல்லை. பார்க்கிறவர்தாம் அதை மனத்தில் கொண்டுபோக வேண்டும். அப்படிப் பார்ப்பது ஜெபம் அல்லவென்று யார் சொல்வார்?

ஆகையால், போகத் திட்டமிடும் பெற்றோர் எதைப் பார்க்காமல் விடுவது என்பதை முதலில் முடிவு செய்யட்டும். சீட்டை முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் மதிலோரம் நெடுநேரம் நிற்க நேரும். மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் திறப்பதில்லை. ஆகஸ்டு 15, டிசம்பர் 8 போன்ற பெருவிழாக்களிலும் அப்படியே. திருநாளன்று போய் ஏமாறுவது நம்மவர்களுக்கே எளிதில் நேரக்கூடியது! தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும். நம் பெண்களுக்கு அது ஒரு பொருட்டல்ல.

காலையிலேயே போய், முதலில் படக்கூடத்தில் ஒரு மணி நேரம். அங்கே இரண்டு மூன்று படங்கள் போதும். பிறகு ஸிஸ்டைனுக்கு. வழியில் 120 மீட்டர் நீளமுள்ள தேசப்படக் கூடம் வரும். நாம் சுவரில் மாட்டும் நாட்காட்டியை 1582-இல் திருத்தித் தந்த 13-ஆம் கிரகோரி பாப்பரசரே அதையும் அமைத்தவர். அங்கே சற்று நிற்கலாம். மற்ற சிலைகளையும் கூடங்களையும் விட்டுவிடலாம். "மறுபடி எங்கே வரப்போகிறோம்?" என்று தகப்பனார் கேட்பார். மறுபடி வரப்போவதில்லை என்பதால்தான் சொல்கிறேன்.

ஸிஸ்டைனில் பேசக் கூடாது, படம் பிடிக்கக் கூடாது. இரண்டும் நல்ல சட்டங்களே. மைக்கேல் ஆஞ்சலோ 1508 முதல் 1512 வரை அந்தக் கூரையைத் தீட்டினார். படுத்துக்கொண்டு அன்று, நின்றபடி, தலையைப் பின்னே சாய்த்து. நடுவிலுள்ள ஒன்பது காட்சிகளும் ஆதியாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. முந்தின இரவு அவற்றைக் குடும்பமாக வாசித்துவிட்டுப் போனால் வழிகாட்டி தேவைப்படமாட்டார். சுவரோரம் கல்லிருக்கைகள் உண்டு. இடம் கிடைத்தால் உட்கார்ந்துகொள்ளலாம்.